சாட்ஸ்வொர்த் மாளிகைக்கு ஒரு நாள்: காலை முதல் மாலை வரை முழு வழிகாட்டி

இங்கிலாந்தில் ஒரே ஒரு பழைய பிரபு மாளிகையைப் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது, எதற்குப் போகலாம் என்று யாராவது கேட்டால், தயங்காமல் சாட்ஸ்வொர்த் என்றுதான் சொல்வேன். டெர்பிஷயரில், பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்குள், டெர்வென்ட் ஆற்றங்கரையில் இருக்கிறது. கேவென்டிஷ் என்ற ஒரே குடும்பம் 1549இல் இந்த நிலத்தை வாங்கியது. அவர்கள் வழியில் வந்த டெவன்ஷயர் டியூக்குகள் (டியூக் என்பது உயர்ந்த பிரபுப் பட்டம்) இன்றும் அங்கேயே வசிக்கிறார்கள்.

போகிறவர்களில் பெரும்பாலோர் மாளிகைக்குள் கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்து, எல்லா ஓவியங்களையும் படம் பிடித்து, வெளியே வரும்போது கால் கடுத்து, தோட்டத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். சாட்ஸ்வொர்த்தின் உண்மையான விசேஷம் வெளியேதான் இருக்கிறது. மலை மேலிருந்து பம்ப் எதுவும் இல்லாமல் இறங்கிவரும் தண்ணீரும், அதை ஆட்டுவித்த ஒரு தோட்டக்காரரின் கைவேலையும் அங்கேதான். இந்த வழிகாட்டியில் உள்ளே இரண்டு மணி நேரம், வெளியே நான்கு மணி நேரம் என்று கணக்கு வைத்திருக்கிறேன். குடும்பத்துக்கு ஏற்றபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

1. எந்த மாதம், எந்த நாள்

மாளிகை ஆண்டு முழுவதும் திறந்திருக்காது. பொதுவாக மார்ச் பாதிக்கு மேல் திறந்து, கிறிஸ்துமஸ் அலங்காரம் முடிந்த கையோடு ஜனவரித் தொடக்கத்தில் மூடிவிடுவார்கள். என்னைக் கேட்டால் மே கடைசி, ஜூன் நல்ல காலம். ரோடோடென்ட்ரான் பூத்திருக்கும், பகலும் நீளம். அக்டோபரில் இலைகள் நிறம் மாறும், பூங்காவில் ஆண் மான்கள் கத்திக்கொண்டு சண்டைக்கு நிற்கும். கிறிஸ்துமஸ் சமயத்தில் அறைகளை அலங்கரித்திருப்பார்கள், குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஆனால் கூட்டம் நெரியும், நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், தோட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

வாரநாள் கிடைத்தால் வாரநாள். வங்கி விடுமுறை எனப்படும் பொது விடுமுறைத் திங்கள்கிழமைகளைத் தவிருங்கள். பூங்காவில் பெரிய கண்காட்சிகள் நடக்கும் நாட்களில் சாலையிலேயே நேரம் போய்விடும். ஆகவே தேதியை முடிவு செய்யும் முன் மாளிகையின் இணையதளத்தில் நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

2. டிக்கெட்

வீடும் தோட்டமும் சேர்த்து ஒரு டிக்கெட், தோட்டத்துக்கு மட்டும் ஒரு டிக்கெட், குழந்தைகளுக்கான பண்ணைக்குத் தனி டிக்கெட். வீடும் தோட்டமும் சேர்த்தால் பெரியவர் ஒருவருக்கு 30 பவுண்டைத் தாண்டும். காருக்கு நிறுத்தக் கட்டணம் உண்டு. இணையத்தில் முன்பதிவு செய்யும்போது வீட்டுக்குள் நுழையும் நேரத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். காலையில் கிடைக்கும் முதல் நேரத்தையே எடுங்கள். பதினோரு மணிக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வரத் தொடங்கிவிடும்.

பழைய மாளிகைகள் பலவற்றைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் உறுப்பினர் அட்டையைக் கொண்டுபோய் நீட்டினால் பயனில்லை. சாட்ஸ்வொர்த் அவர்களுடையது அல்ல. 1981இல் ஏற்படுத்திய தனி அறக்கட்டளை ஒன்று இதை நடத்துகிறது. டியூக் குடும்பமே அந்த அறக்கட்டளைக்கு வாடகை கொடுத்துத்தான் குடியிருக்கிறது.

செலவு அதிகம் என்று தோன்றினால் ஒரு வழி இருக்கிறது. மாளிகையைச் சுற்றியுள்ள பெரிய பூங்காவில் நடக்க டிக்கெட் வேண்டாம். ஆறு, பாலம், மான்கள், வெளியிலிருந்து மாளிகையின் முகப்பு எல்லாம் இலவசம்.

3. போய்ச் சேருவது

காரில் லண்டனிலிருந்து எம்1 நெடுஞ்சாலையில் 29ஆம் வெளிவழியில் இறங்கி, செஸ்டர்ஃபீல்ட் வழியாகப் போக வேண்டும். மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. ரயில் என்றால் லண்டன் செயின்ட் பான்கிராஸிலிருந்து செஸ்டர்ஃபீல்டுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம், அங்கிருந்து டாக்ஸியில் அரை மணி நேரம். கைக்கு அடக்கமான வழி ஷெஃபீல்டிலிருந்து பேக்வெல் போகும் 218ஆம் எண் பேருந்து. ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே பேருந்து நிலையம். பேருந்து மாளிகை வரை போகும். ஞாயிற்றுக்கிழமைகளில் நேரம் மாறும், ஆகவே திரும்பி வரும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே ஓட்டுநரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். பூங்காவுக்குள் சில இடங்களில் கைபேசி சிக்னல் சுமார்தான்.

4. எதை எடுத்துப் போவது

ஜூலையிலும் ஒரு மழைக்கோட்டு வேண்டும். செருப்பு வேண்டாம், சேறு ஒட்டினாலும் பரவாயில்லை என்ற ஷூவே நல்லது. பெரிய முதுகுப்பையோடு உள்ளே போக முடியாது, சின்னப் பையாக எடுங்கள்.

சாப்பாட்டு விஷயம் முக்கியம். பழைய குதிரை லாயத்தில் உணவகங்கள் இருக்கின்றன. 1760களில் ஜேம்ஸ் பெய்ன் கட்டிய லாயம் அது. பல வீடுகள் அதன் முன் குடிசையாகத் தெரியும். சைவத்துக்கு சூப், சாண்ட்விச், ஸ்கோன் என்று ஏதாவது கிடைக்கும், விலை மாளிகைக்கு ஏற்ற விலை. ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருந்தால் புளிசாதம், தயிர்சாதம் கட்டிக்கொண்டு போய் ஆற்றங்கரைப் புல்லில் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் எல்லாருக்கும் நிம்மதி. ஆடுகள் பக்கத்தில் வந்து நிற்கும். எதையும் கொடுக்காதீர்கள்.

மூட்டுவலி உள்ளவர்கள் கவலைப்பட வேண்டாம். உள்ளே லிஃப்ட் இருக்கிறது, சக்கர நாற்காலியும் கிடைக்கும், ஆனால் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

5. முதலில் பாலத்தில் நில்லுங்கள்

நுழைவு நேரத்துக்கு அரை மணி முன்னதாகப் போய், நேரே வாசலுக்கு ஓடாமல் ஆற்றுப் பாலத்துக்கு நடங்கள். இதையும் பெய்ன்தான் கட்டினார். அங்கிருந்து மேற்கு முகப்பைப் பாருங்கள். வெயில் பட்டால் ஜன்னல் சட்டங்கள் மின்னும். மஞ்சள் வண்ணம் என்று நினைத்துவிடாதீர்கள், தங்கத் தகடு ஒட்டியது.

சுற்றிலும் உள்ள புல்வெளி, ஆற்றின் வளைவு, மரக்கூட்டம் எல்லாம் இயற்கையாகவே அப்படி இருப்பதுபோல் தோன்றும். அத்தனையும் திட்டமிட்டுச் செய்தது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் நான்காம் டியூக், 'கேப்பபிலிட்டி' பிரவுன் என்ற நிலக்காட்சி வல்லுநரை அழைத்து, வரிசை வரிசையாகக் கத்தரித்து வைத்திருந்த பழைய தோட்டங்களில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு இந்தக் காட்சியை உருவாக்கச் சொன்னார். பிறகு, 1830களின் இறுதியில் ஆறாம் டியூக் பக்கத்திலிருந்த எடென்சர் கிராமத்தையே இடம் மாற்றிக் கட்டினார். அந்தக் கிராமத்துக்கு மாலையில் போகப்போகிறோம்.

6. மாளிகைக்குள் இரண்டு மணி நேரம்

மொத்தம் 126 அறைகள். பார்வையாளர்களுக்குத் திறந்திருப்பவை முப்பதை ஒட்டியவை. ஒருவழிப் பாதை, திரும்பி வர முடியாது என்பதால் பிடித்த இடத்தில் ஆற அமர நில்லுங்கள், பிடிக்காததைத் தாண்டிப் போங்கள். ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம். திரைகளை இறக்கி அறைகளை மங்கலாக வைத்திருப்பார்கள். பழைய துணிகளும் திரைச்சீலைகளும் வெளிச்சம் பட்டால் வெளிறிவிடும் என்பதுதான் காரணம்.

இப்போதிருக்கும் கட்டடம் 1687 முதல் 1707 வரை முதலாம் டியூக் கட்டியது. அதற்கு முன் அதே இடத்தில் எலிசபெத் காலத்து வீடு ஒன்று இருந்தது. ஹார்ட்விக்கின் பெஸ் என்று அழைக்கப்படும் பெண்மணி கட்டியது. ஸ்காட்லாந்து அரசி மேரியை 1569க்குப் பிறகு பலமுறை அங்கேதான் காவலில் வைத்திருந்தார்கள். முதலாம் டியூக் சாமானியர் இல்லை. 1688இல் நெதர்லாந்தின் ஆரஞ்சு வம்ச இளவரசர் வில்லியமை இங்கிலாந்துக்கு வரச்சொல்லி ரகசியக் கடிதத்தில் கையெழுத்திட்ட எழுவரில் ஒருவர். வில்லியம் அரசரானதும் 1694இல் இவருக்கு டியூக் பட்டம் கிடைத்தது.

நுழைந்ததும் வரும் ஓவியக் கூடத்தில் கூரை, சுவர் எங்கும் ஜூலியஸ் சீசரின் வாழ்க்கைக் காட்சிகள். லூயி லகேர் வரைந்தவை. புது அரசரின் மனம் குளிர வரையச் சொன்னது என்பது பார்த்தாலே தெரியும். அடுத்து சிற்றாலயம். 1690களில் எப்படி இருந்ததோ ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அதற்குப் போகும் நடைகூடத்தில் எகிப்தின் கர்னாக்கிலிருந்து வந்த சிங்கமுகத் தேவி செக்மெத்தின் சிலைகள் இரண்டு உட்கார்ந்திருக்கும். பாதிப் பேர் கவனிக்காமலே போய்விடுகிறார்கள்.

மாடியில் அரச அறைகள். அரசரும் அரசியும் வந்து தங்குவார்கள் என்று வரிசையாகக் கட்டிவைத்தார்கள். அவர்கள் வரவே இல்லை. இந்த வரிசையில் இசை அறையில் மட்டும் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கதவு சற்றே திறந்திருக்கும். அதற்கு உள்ளே இன்னொரு கதவில் வயலினும் வில்லும் தொங்கும். நரம்பின் நிழல்கூட மரத்தில் விழுந்திருக்கும். எட்ட நின்று எவ்வளவு பார்த்தாலும் எடுத்து வாசிக்கலாம் போலிருக்கும். வயலின் அங்கே இல்லை, தொங்கவிட்ட நாடாவும் இல்லை, எல்லாம் வண்ணம். 1723 வாக்கில் யான் வான் டெர் வார்ட் என்ற ஓவியர் வரைந்தது. அறையில் நிற்கும் உதவியாளரிடம் பேச்சுக் கொடுங்கள். இந்த வீட்டைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காதா என்று காத்திருப்பவர்கள் அவர்கள். பலகைகளில் இல்லாத கதையெல்லாம் வரும்.

இரண்டாம் உலகப்போரின்போது இதே அறைகளில் பெண்கள் பள்ளி ஒன்று நடந்தது. பென்ரோஸ் கல்லூரி மாணவிகள் 1939 முதல் 1946 வரை இங்கே படித்து, இங்கேயே தூங்கினார்கள். ராணுவத்தினரை விட மாணவிகள் வீட்டைப் பத்திரமாக வைத்திருப்பார்கள் என்ற கணக்கு. சரியான கணக்குத்தான்.

நூலகத்தை வாசலிலிருந்து எட்டிப் பார்க்கத்தான் முடியும். பெரிய உணவுக் கூடத்தைத் தாண்டும்போது ஒன்றைச் சொல்லிக் குழந்தைகளை நிறுத்துங்கள்: 1832இல், 13 வயதில், பின்னாளைய விக்டோரியா அரசி பெரியவர்களோடு சேர்ந்து முதன்முதலாக இரவு விருந்து சாப்பிட்டது இங்கேதான்.

கடைசியில் வருவது சிற்பக் கூடம். கால் வலித்தாலும் இதை அவசரமாகக் கடக்காதீர்கள். ஆறாம் டியூக் இத்தாலியச் சிற்பி கனோவாவின் பித்தர். கனோவாவின் எண்டிமியோன் தூங்குகிறான், காலடியில் நாய் விழித்துக் காவல் இருக்கிறது. ரஃபேல் மோன்டியின் முக்காடிட்ட பெண்ணின் முகத்தில் கல் மெல்லிய துணியாகப் படிந்து, அதற்குள் மூக்கும் உதடும் தெரியும். பக்கவாட்டில் நின்று பாருங்கள், எதிரே நின்று பார்ப்பதைவிட நன்றாக இருக்கும்.

7. மதியம்

வெளியே வந்ததும் சாப்பிட்டுவிடுங்கள். ஒரு மணிக்கு லாயத்தில் வரிசை நீளும், பன்னிரண்டரைக்கே போய்விட்டால் இடம் கிடைக்கும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஒருவர் அவர்களைப் பண்ணைக்கும் விளையாட்டுத் திடலுக்கும் அழைத்துப் போகட்டும். பால் கறப்பதைக் காட்டுவார்கள்.

8. தோட்டம்: நாளின் முக்கியப் பகுதி

105 ஏக்கர். எல்லாவற்றையும் பார்க்க முடியாது. கீழே தொடங்கி மேலே ஏறி, இன்னொரு பக்கமாக இறங்குங்கள்.

தொடங்கும் முன் ஜோசஃப் பாக்ஸ்டனைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1826இல் ஆறாம் டியூக் இவரைத் தலைமைத் தோட்டக்காரராக வேலைக்கு எடுத்தபோது வயது 22. மே மாதத்தில் ஒரு நாள் விடிகாலை நாலரை மணிக்கு வந்து சேர்ந்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. மதிலேறிக் குதித்து, தோட்டம் முழுக்கச் சுற்றிப் பார்த்து, ஆறு மணிக்கு ஆட்களை வேலைக்கு விட்டு, நீரூற்றுகளைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, அப்புறம் வீட்டு மேலாளர் அம்மாவோடு காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். அங்கே அந்த அம்மாவின் உறவுப்பெண் சேராவைப் பார்த்தார். மனம் ஒத்துப்போயிற்று. ஒன்பது மணிக்குள் இவ்வளவும் நடந்தது. மறு ஆண்டே கல்யாணம்.

மாளிகையின் தெற்கே நீண்ட குளத்தில் இருப்பது பேரரசர் நீரூற்று. ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கலஸ் வருவார் என்று 1844இல் பாக்ஸ்டன் அவசர அவசரமாக அமைத்தது. மலை மேல் எட்டு ஏக்கரில் ஓர் ஏரி தோண்டி, குழாய் வழியாகத் தண்ணீரை இறக்கினார். அந்த உயர வேறுபாட்டின் அழுத்தம் மட்டுமே தண்ணீரை மேலே எறிகிறது. பதிவான அதிகபட்ச உயரம் 296 அடி, அதாவது 90 மீட்டர். பேரரசர் இங்கிலாந்துக்கு வந்தார், சாட்ஸ்வொர்த்துக்கு வரவில்லை. அரச விருந்தாளிகள் விஷயத்தில் இந்த வீட்டுக்கு அதிர்ஷ்டம் கொஞ்சம் குறைவுதான். அதே தண்ணீரிலிருந்து 1893 முதல் பல ஆண்டுகள் வீட்டுக்கு மின்சாரம் எடுத்தார்கள். நீரூற்று எப்போதும் முழு வீச்சில் ஓடாது. மேலே ஏரியில் இருக்கும் நீரைப் பொறுத்தது.

மாளிகைக்கு மேலே சரிவில் இருக்கும் படி அருவி இதைவிட முந்தியது. 1696இல் கிரிலே என்ற பிரெஞ்சுக்காரர் அமைத்து, சில ஆண்டுகளில் பெரிதாக்கிக் கட்டப்பட்டது. 24 படித்தொகுதிகள், ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவு. அதனால் தண்ணீர் இறங்கும் சத்தமும் இடத்துக்கு இடம் மாறும். கசிவு அதிகமாகிவிட்டதால் அண்மை ஆண்டுகளில் நீரை நிறுத்திப் பழுதுபார்க்க ஏற்பாடு செய்துவருகிறார்கள். இதற்காகவே போவதாக இருந்தால் நிலவரம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். காய்ந்திருந்தாலும் மேலே உள்ள அருவி மண்டபம் வரை ஏறுங்கள், மாளிகையும் பள்ளத்தாக்கும் ஒரே பார்வையில் கிடைக்கும்.

வழியில் வில்லோ மர நீரூற்று ஒன்று உண்டு. பார்க்க இலையுதிர்ந்த மரம் மாதிரி இருக்கும், செம்பாலானது. கிளைகளிலிருந்து திடீரென்று தண்ணீர் பீறிடும். சொல்லாமல் பிள்ளைகளை முன்னால் அனுப்பலாம்.

அடுத்து செடிப்புதிர்ப் பாதை. 1962இல் நட்டது. அதற்குள் புகுந்து வழி தேடுவதைவிட, அது இருக்கும் இடம் எது என்பது சுவாரசியம். பாக்ஸ்டனின் பெரிய கண்ணாடி வீடு இங்கேதான் இருந்தது. 1836இல் தொடங்கி 1840 வாக்கில் எழும்பிய அது 277 அடி நீளம். 1843இல் விக்டோரியா அரசி குதிரை வண்டியிலேயே உள்ளே போய் வந்தார். வெப்பநாட்டு மரங்கள் குளிரில் சாகாமலிருக்க நிலத்தடியில் எட்டு கொதிகலன்கள் எரிந்தன, ஏழு மைல் குழாய்கள் ஓடின. நிலக்கரி கண்ணில் படக்கூடாது என்று அதைச் சுரங்கப்பாதை வழியாகக் கொண்டுவந்தார்கள். முதல் உலகப்போரில் நிலக்கரி கிடைக்காமல் செடிகள் செத்தன, 1920இல் வெடிவைத்துக் கண்ணாடி வீட்டைத் தகர்த்தார்கள். அடித்தளச் சுவர்கள் இன்னும் தெரியும். அந்த நிலக்கரிச் சுரங்கத்துக்குள் நீங்கள் நடந்துபோகலாம். குளிர்ந்த, இருண்ட, ஈரமான பாதை. அந்தப் பளபளப்புக்கு யாரெல்லாம் கரி சுமந்தார்கள் என்பதை இந்த வீட்டில் வேறு எந்த இடமும் இவ்வளவு நேராகச் சொல்வதில்லை. இந்தக் கட்டுமான அனுபவத்தை வைத்துத்தான் பாக்ஸ்டன் 1851இல் லண்டனில் படிகமாளிகை என்ற மாபெரும் கண்ணாடிக் கண்காட்சிக் கூடத்தை எழுப்பினார்.

நமக்கும் இந்தத் தோட்டத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1830 வாக்கில் மொரீஷியஸிலிருந்து இங்கிலாந்துக்கு வந்திருந்த ஒரு குட்டை வாழையை பாக்ஸ்டன் வாங்கி, இங்கே கண்ணாடிக்குள் வளர்த்தார். 1835 நவம்பரில் பூவிட்டது, அடுத்த ஆண்டு காய்த்தது. டியூக் குடும்பத்தின் பெயரால் அதற்கு கேவென்டிஷ் என்று பெயர் வைத்தார்கள். இங்கிருந்து மிஷனரிகள் கொண்டுபோன கன்றுகள் சமோவாவில் வேர்பிடித்து பசிபிக் தீவுகளெங்கும் பரவின. நம் ஊர்க் கடைகளில் தொங்கும் மோரிஸ் பழமும், தேனிப் பக்கம் திசு வளர்ப்பு முறையில் பயிராகும் ஜி-9உம் இதே கேவென்டிஷ் இனத்தைச் சேர்ந்தவைதான். தோட்டத்தில் கண்ணாடி வீடுகள் திறந்திருக்கும் நாளா என்று கேட்டுப் பாருங்கள். திறந்திருந்தால் வாழையைத் தேடுங்கள்.

இந்தியத் தொடர்பு அதோடு நிற்கவில்லை. 1835இல் டியூக் ஜான் கிப்சன் என்ற இளம் தோட்டக்காரரைக் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றினார். இன்றைய மேகாலயாவில் உள்ள காசி மலைகளில் ஆர்க்கிட் செடிகளைச் சேகரித்துக்கொண்டு 1837இல் அவர் திரும்பினார்.

9. தெம்பு இருந்தால் மலை மேல்

தோட்டத்துக்கு வெளியே லாயத்துக்குப் பின்னாலிருந்து காட்டுக்குள் பாதை ஏறுகிறது. டிக்கெட் வேண்டாம். மேலே 1580களின் வேட்டைக் கோபுரம் நிற்கிறது. பெஸ் காலத்தில் கட்டி இன்றும் நிற்கும் ஒருசில கட்டடங்களில் ஒன்று. விடுமுறை வீடாக வாடகைக்கு விடுகிறார்கள் என்பதால் வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். இன்னும் கொஞ்சம் நடந்தால் பாக்ஸ்டன் தோண்டிய ஏரி. மதியம் கீழே பார்த்த நீரூற்றின் தண்ணீர் இங்கிருந்துதான் புறப்படுகிறது. ஏற்றம் செங்குத்து, முதியவர்களைக் கூட்டிப்போக வேண்டாம்.

10. மாலையில் எடென்சர்

ஆற்றைக் கடந்து பதினைந்து நிமிட நடையில் கிராமம். எழுத்தில் எடென்சர் என்றிருந்தாலும் உள்ளூரில் 'என்சர்' என்றுதான் கேட்க வேண்டும். ஒரு வீடு போல் இன்னொரு வீடு இல்லை. தேவாலயத்தின் பின்னால் சரிவில் மயானம். பாக்ஸ்டனின் கல்லறை அங்கே இருக்கிறது. டியூக்குகளின் கல்லறைகளுக்குப் பக்கத்தில் அமெரிக்க அதிபர் கென்னடியின் தங்கை கேத்லீனின் கல்லறையும் உண்டு. பத்தாம் டியூக்கின் மூத்த மகனை மணந்தவர். கணவர் 1944இல் போரில் இறந்தார், இவர் 1948இல் விமான விபத்தில். 1963 ஜூனில் கென்னடி தங்கையின் கல்லறையைப் பார்க்க ஹெலிகாப்டரில் வந்து போனார்.

காரில் வந்தவர்கள் பேக்வெல்லில் நிறுத்தி அந்த ஊர் பெயரிலான புட்டிங்கைச் சாப்பிடலாம். பாதாம், முட்டை, ஜாம் சேர்ந்த இளகிய பண்டம். கடைகளில் எங்கும் கிடைக்கும் பேக்வெல் டார்ட் வேறு, இது வேறு. சுத்த சைவக்காரர்கள் மாவில் என்ன கொழுப்பு சேர்க்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரவு அங்கேயே தங்குகிறீர்களா? மறுநாள் ஹார்ட்விக் ஹாலுக்குப் போங்கள், காரில் முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அதே பெஸ் தன் முதுமையில் கட்டியது, சுவரைவிட ஜன்னலே அதிகம். 1950இல் பத்தாம் டியூக் திடீரென இறந்தார். சொத்தை மகன் பெயருக்கு மாற்றி ஐந்தாண்டு கடந்திருந்தால் வரி கிடையாது, 14 வாரம் குறைந்துவிட்டது. 80 சதவீத மரண வரி விழுந்தது. அதில் ஒரு பகுதியாகத்தான் ஹார்ட்விக்கை அரசுக்குக் கொடுத்தார்கள். இப்போது அது நேஷனல் டிரஸ்டிடம் இருப்பதால், முதல் நாள் பையிலேயே கிடந்த உறுப்பினர் அட்டை அங்கே செல்லும்.